பனி நாட்டில் வாழை

(தென் இங்கிலாந்திலிருந்து பழைய மாணவி ஒருவர்)

வாழை என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? பழமா? பந்தியில் விரிக்கும் தலைவாழை இலையா? ஆண்டு விழாவன்று பள்ளி வாயிலின் இருபுறமும் கட்டும் குலைவாழையா? எனக்கு நினைவில் நிற்பவை நம் விடுதிச் சமையற்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய நீர் ஓடும் வாய்க்காலோரம் கூட்டமாய் நின்ற வாழைகள்தாம். அவற்றை நட்டவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அவற்றுக்கென்று யாரும் குடம் தூக்கியதும் இல்லை. தோட்டத்துச் சிஸ்டர் எப்போதாவது சருகை அறுத்து எறிவார், அவ்வளவுதான். கன்று தானே வந்தது. குலை தானே தள்ளியது. மரம் தானே சாய்ந்தது. வாழை வளர்ப்பது கடினமான வேலை என்று அந்நாளில் யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம்.

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதுமாறு ஆண்டு மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். இங்குள்ள கட்டடங்களையும் பூங்காக்களையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். ஆகவே நான் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரோரம் நிற்கும் ஒரு வாழையைப் பற்றி எழுதுகிறேன். ஆண்டில் பாதி நாள் குளிரும், சில இரவுகளில் வாளித் தண்ணீர் கட்டியாகிவிடும் இந்நாட்டிலும் வாழை வளர்க்கிறார்கள் என்பது உங்களுள் பலருக்கு வியப்பாக இருக்கும். பழத்துக்காக அன்று, இலையின் அழகுக்காக மட்டுமே.

எங்கள் வீட்டுக்கு வாழை வந்த காரணம் என் அம்மா. அப்பா காலமான பின், 2019 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அம்மா நாகர்கோவிலிலிருந்து எங்களோடு இருக்க வந்தார்கள். மட்டி, செவ்வாழை, நேந்திரன், ரசகதலி, பாளையங்கோடன் என்று வாழைகளின் நடுவிலேயே அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். வந்த மறுநாள் காலை எங்கள் கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு மூடு வாழ கூட இல்லாம எப்படி மக்களே இருக்கே?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வாரமே ஒரு நாற்றங்காலிலிருந்து ஒன்றரை அடி உயரக் கன்று ஒன்றை வாங்கி வந்தோம்.

அந்தக் கன்று பட்ட பாட்டைச் சொல்வதற்கு முன், வாழையின் உடலமைப்பைச் சற்றுப் பார்த்துவிடுவோம். குளிர்நாட்டில் வாழை பிழைப்பதும் மாய்வதும் அதைப் பொறுத்ததே.

வாழை மரம் என்று வழக்கமாகச் சொல்கிறோமே தவிர, அது மரம் அன்று. நாம் அடிமரம் என்று எண்ணித் தட்டிப் பார்ப்பது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி இறுகிய இலைமட்டைகளே. ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால் கடைசியில் மரம் என்று எதுவும் மிஞ்சாது. அப்படியானால் உண்மையான தண்டு எங்கே? மண்ணுக்குள் இருக்கிறது. நாம் கிழங்கு என்று சொல்லும் பகுதிதான் வாழையின் தண்டு. வளரும் நுனி அந்தக் கிழங்கின் தலையில், ஏறக்குறையத் தரைமட்டத்தில், மட்டைகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருக்கிறது. ஒவ்வோர் இலையும் அங்கிருந்து புறப்பட்டு, சுருட்டிய பாயைப் போல் நடுக்குழல் வழியாக மேலேறி, உச்சிக்கு வந்த பிறகே விரிகிறது.

"அப்படியென்றால் பொரியல் செய்யும் வாழைத்தண்டு எது, அக்கா?" என்று விடுதித் தங்கைகள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அது பூவைத் தாங்கும் காம்பு. வாழைக்குப் பூக்கும் பருவம் வந்ததும், அதுவரை தரையோடு இருந்த வளர்நுனி பூவாக மாறி, மட்டைகளின் நடுவே நீண்டு உச்சிக்குக் கிளம்புகிறது. அவ்வாறு நீண்ட காம்பைத்தான் குலை வெட்டிய பின் உரித்தெடுத்து நறுக்குகிறோம். குலை தள்ளும் பருவத்தை எட்டாத இளவாழையை வெட்டிப் பாருங்கள், தண்டு கிடைக்காது. வெளுத்த குருத்துச் சுருள்கள் மட்டுமே இருக்கும். வெட்டிய இடத்தை மறுநாள் காலையில் மீண்டும் பாருங்கள். சுற்றியுள்ள மட்டைகள் வெட்டியபடியே நிற்க, நடுப்பகுதி மட்டும் இரண்டு மூன்று விரற்கடை உயர்ந்து நிற்கும். தலையை வெட்டிவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம். வாழைக்கோ தலை மண்ணருகில் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே மேலே நிற்கும் இலையும் மட்டையும் போனாலும், கிழங்கு இருந்தால் வாழை இருக்கிறது என்பதே கணக்கு. குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் இந்த ஒரு கணக்கை நம்பித்தான் வாழை நடுகிறார்கள்.

உறைபனி வாழையை எப்படிக் கொல்கிறது? மட்டைகளில் மிகப் பெரும்பகுதி நீரே. நீர் உறையும்போது விரியும் என்பதைப் பௌதிக வகுப்பில் படித்திருக்கிறீர்கள். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கினால் இலையினுள் பனிக்கட்டி உண்டாகி நுண்ணறைகளைச் சிதைத்துவிடும். காலையில் வெயில் பட்டதும் முந்தின நாள் வரை பச்சைக் கொடியாய் அசைந்த இலை, வேகவைத்த கீரைபோல் துவண்டு, இரண்டு நாளில் கறுத்துப்போகும். மட்டைகள் இன்னும் சற்றுக் குளிரைத் தாங்கும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கோ, மேலே நல்ல மூடாக்கு இருக்குமானால், குளிரைத் தாங்கும் இனங்களில் வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 10 டிகிரி, அதற்கும் சற்றுக் கீழே போனாலும் உயிரோடு இருக்கும். மண் ஒரு போர்வை. தென் இங்கிலாந்தில் உறைபனி அதற்குள் சில அங்குலங்களுக்கு மேல் இறங்குவது அரிது.

ஐரோப்பியர் வாழையைத் தங்கள் நாட்டில் வளர்க்க முயன்றது நேற்று இன்று தொடங்கிய செய்தியன்று. தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், இளைஞராக ஹாலந்தில் ஹார்ட்டகாம்ப் என்னும் மாளிகைத் தோட்டத்தில் பணியாற்றியபோது, 1736 இல் கண்ணாடி வீட்டில் ஒரு வாழையைப் பூக்கவைத்தார். அவர் செய்த உபாயம் சுவையானது. வளமான மண்ணில் நட்டு, சில வாரங்கள் தண்ணீரே காட்டாமல் காயப்போட்டு, பிறகு மழை கொட்டுவதுபோல் ஏராளமாக நீர் ஊற்றினார். கோடையும் பருவமழையும் அடுத்தடுத்து வந்ததாக வாழை எண்ணிக்கொண்டது போலும்! பின்னர் 1753 இல் அவர் வாழைக்கு வைத்த இலத்தீன் பெயருக்குப் பொருள், பரதீசின் வாழை என்பது. ஏதேன் தோட்டத்துப் பழம் வாழைப்பழமே என்று பழங்காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. நாமெல்லாரும் ஆப்பிள் என்று படம் வரைந்தோம். விவிலியமோ அந்தப் பழத்தின் பெயரைச் சொல்லவே இல்லை. சிஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

நூறாண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் டெர்பிஷயரில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன், மொரீசியசிலிருந்து வந்த ஒரு குட்டை வாழையை வெப்பக் கண்ணாடி வீட்டில் வளர்த்து 1835 இல் பூக்கச் செய்தார். மாளிகைக்குரிய பிரபுவின் குடும்பப் பெயர் கேவண்டிஷ். இன்று உலகச் சந்தையில் விற்கும் வாழைப்பழத்துக்கு அந்தப் பெயர்தான் வழங்குகிறது. ஆனால் இவையெல்லாம் நிலக்கரி எரித்து வளர்த்த செல்வச் சீமான்களின் வாழைகள். கண்ணாடி வீடு இல்லாத சாதாரண வீட்டுக் கொல்லைக்கு வேறு இனம் வேண்டும்.

அந்த இனத்துக்கு ஜப்பான் நார்வாழை என்று பெயர். பெயரில் ஜப்பான் இருந்தாலும் பிறந்த இடம் தென்சீனம். ஜப்பானில் நெடுங்காலமாக அழகுக்காக வளர்த்து வருவதால் மேல்நாட்டார் அதை ஜப்பான் வாழை என்றே எழுதிவிட்டார்கள். அதன் தாவரப் பெயரின் பின்பாதியான "பஸ்ஜூ" என்பதும், வாழையைக் குறிக்கும் "பாஷோ" என்ற ஜப்பானியச் சொல்லின் திரிபே. ஜப்பானின் புகழ்பெற்ற கவிஞர் பாஷோவின் பெயரும் இதுவே. 1644 இல் பிறந்த அவருக்கு அது இயற்பெயரன்று. இன்று டோக்கியோ எனப்படும் நகரின் ஓரத்தில் ஒரு குடிசையில் அவர் வாழ்ந்தபோது, 1681 இல் மாணவர் ஒருவர் ஒரு வாழைக்கன்றைப் பரிசளித்தார். அது செழித்து வளர்ந்து குடிசைக்கு வாழைக்குடில் என்று பெயர் வர, குடிசையின் பெயரே கவிஞருக்கும் ஆயிற்று. அந்த வாழை கனி தராது. காற்றில் இலை கிழியும். அதன் மரம் எதற்கும் உதவாது. அதனாலேயே தமக்கு அது பிடிக்கிறது என்று அவர் உரைநடையில் எழுதியிருக்கிறார். இலை, பூ, தண்டு, நார், சருகு என்று எதையும் வீணாக்காத நமக்கு இந்த மனநிலை புரியச் சற்று நேரமாகும். என் அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை.

இங்கே இந்த வாழை ஆள் உயரத்தைத் தாண்டி எட்டு, பத்து அடி வரை வளரும். இலை ஐந்தாறு அடி நீளம். நம் வாழையைவிடச் சற்று மெல்லியது. பச்சை நிறம் இளமையானது. பக்கக்கன்றுகளைத் தாராளமாக விடும். இங்குள்ள தோட்டங்களில் நீங்கள் காணும் பத்து வாழைகளில் எட்டு இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது எத்தியோப்பிய வாழை. இங்கே இதை என்செட் என்பார்கள். நம் வாழைக்கு ஒன்றுவிட்ட சகோதரி எனலாம். இதில் இலையின் நடுநரம்பும் அடிப்புறமும் செம்பு நிறமாய் மின்னும் வகையைத்தான் தோட்டக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். மாலை வெயில் பின்னாலிருந்து பட்டால் கோயில் சன்னலின் வண்ணக் கண்ணாடிபோல் ஒளிரும். ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி 1790 இல் வெளியிட்ட பயண நூலில் இதை விரிவாக வருணித்திருந்தார். ஆயினும் 1853 இல் செங்கடல் துறைமுகமான மசாவாவிலிருந்து பிரிட்டிஷ் தூதர் இதன் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பியபோது, அவை எதன் விதை என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. முளைத்து இலை விட்ட பிறகே இது வாழை உறவு என்று கண்டார்கள். தென் எத்தியோப்பியாவில் சுமார் 2 கோடி மக்களுக்கு இது அன்றாட உணவு. பழத்தை அன்று, கிழங்கையும் மட்டையையும் சுரண்டி, குழியில் இட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்து, கோச்சோ என்ற ரொட்டி சுடுகிறார்கள். குளிர்நாட்டுத் தோட்டத்தில் இதன் ஒரே குறை, நம் வாழைபோல் தானாகப் பக்கக்கன்று விடாது. மேலே போனால் எல்லாமே போயிற்று. ஆதலால் அக்டோபரில் வேரோடு பெயர்த்து, இலைகளை வெட்டி, தலைகீழாகச் சாய்த்து நீர் வடியவிட்டு, உறைபனி எட்டாத கொட்டகையில் ஏறக்குறைய உலர்ந்த நிலையில் வசந்தம் வரை உறங்கவிட வேண்டும்.

உறங்கும் வாழையா என்று எண்ணாதீர்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைச் சரிவுகளில் வளரும் கல்வாழை இந்த என்செட்டின் உறவுதான். கோடையில் இலையெல்லாம் காய்ந்து விழ, பருத்த அடியை மட்டும் வைத்துக்கொண்டு அது மழைக்காகக் காத்திருக்கும். நம் கல்வாழை வறட்சிக்காக உறங்குகிறது. எத்தியோப்பிய வாழையைக் குளிருக்காக நாம் உறங்கவைக்கிறோம்.

இவை தவிர, சிக்கிம், டார்ஜிலிங் பகுதிகளைச் சேர்ந்த இமயமலை வாழை ஒன்றும், யுன்னான் மலைகளின் குட்டை வாழை ஒன்றும் இங்கு கிடைக்கின்றன. பின்னதன் பூ தாமரைபோல் மஞ்சளாய் விரிந்து மாதக்கணக்கில் வாடாமல் நிற்கும். நம் வடகிழக்கு மாநிலங்களின் இளஞ்சிவப்பு வாழையையும் தொட்டியில் வளர்க்கிறார்கள். அதன் காய் பழுத்ததும் தானே தோலை உரித்துக்கொள்ளும். உள்ளே முழுக்க விதை.

நடும் முறைக்கு வருவோம். இங்கே மே மாதக் கடைசி வரையிலும் எப்போதாவது உறைபனி விழும். ஆகவே ஜூன் முதல் வாரமே நல்ல நாள். தெற்கு நோக்கிய சுவரின் அருகே, காற்று அடிக்காத மூலையில், கூடை கூடையாக மக்கிய சாணமும் இலைமக்கும் இட்டுக் குழியை நிரப்ப வேண்டும். நீர் தேங்கும் களிமண்ணானால் மணலும் சரளையும் கலக்க வேண்டும். காற்றைப் பற்றி ஒரு சொல்: வாழை இலையின் நரம்புகள் நடுநரம்பிலிருந்து விளிம்பை நோக்கி ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதால், காற்றடித்தால் இலை சீப்புப் பற்கள்போல் கிழியும். அதனால் செடிக்குப் பெரிய தீங்கில்லை. ஆனால் இலைக்காகவே வளர்க்கும் வாழை கந்தலாய் நின்றால் வளர்ப்பவர் மனம் பொறுக்குமா?

கோடையில் இதுவும் வேகமாக வளரும் என்றால் நம்புவீர்களா? காரணம் பகலின் நீளம். சென்னையில் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. லண்டனில் ஜூன் மாதக் கடைசியில் பதினாறரை மணி நேரம் வெளிச்சம் இருக்கிறது. சூடு குறைவு, வெளிச்சம் அதிகம். பயிர் வாழை சுமார் 14 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடும். இந்த நார்வாழை அந்தக் குளிரிலும் மெல்ல நகரும். ஜூலை, ஆகஸ்டில் வாரம் ஓர் இலை விரிகிறது. அந்த மாதங்களில் தண்ணீருக்கும் எருவுக்கும் கணக்குப் பார்க்கக் கூடாது. நம் வாய்க்காலோர வாழைகளின் இரகசியம் அதுதானே! அம்மா அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் ஒரு சொட்டு வீணாக்காமல் அங்கே கொண்டுபோய் ஊற்றினார்கள். செப்டம்பருக்குள் எங்கள் கன்று அம்மாவின் தோள் உயரம் வந்துவிட்டது.

பிறகு குளிர்காலம் வந்தது. இங்கேதான் நாங்கள் தவறினோம்.

வாழைக்குக் குளிரும் என்று எண்ணி, குழந்தைக்குச் சுற்றுவதுபோல் சுற்றினோம். முதலில் அம்மாவின் பழைய நூல்சேலை, அதன்மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் பாலித்தீன் தாள். கீழிருந்து மேல்வரை கயிற்றால் இறுகக் கட்டி, தலையையும் முடிந்துவிட்டோம். பக்கத்து வீட்டு முதியவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, அது மூச்சுவிட வேண்டாமா என்று கேட்டார். நாங்கள் சிரித்துவிட்டோம். அந்தக் குளிர்காலம் உறைபனியைவிட மழைக்குப் பேர்போனது. 2020 பிப்ரவரிதான் பிரிட்டனில் பதிவான பிப்ரவரிகளிலேயே மிக அதிக மழை பெய்த மாதம். மார்ச்சில் ஒரு நாள் சமையலறைச் சன்னலைத் திறந்ததும் அழுகல் நாற்றம் வந்தது. கட்டைப் பிரித்தோம். சேலையும் கம்பளியும் நனைந்து ஊறி, வாழை பழுப்பு நிறக் கூழாக அதனுள்ளே சரிந்து கிடந்தது. உள்ளே வியர்த்த நீர் வெளியேற வழியில்லாமல் செடியை அழுகச் செய்திருந்தது. குளிர் அதைக் கொல்லவில்லை; எங்கள் பாலித்தீன் கொன்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாழைக்காக மட்டும் அன்று. ஊரைவிட்டு வந்த பின் அம்மா தம் கையால் வளர்த்த முதல் பொருள் அது. அதையும் இந்த ஊர் எடுத்துக்கொண்டதே என்று தோன்றியது. அம்மா அழவில்லை. குனிந்து, கூழை வழித்து எறிந்துவிட்டு, விரலால் மண்ணைக் கிளறி அடியை அழுத்திப் பார்த்தார்கள். "கெழங்கு கல்லு மாதிரி இருக்கு, மக்களே" என்றார்கள். கத்தியை வாங்கி, அழுகியதை வெள்ளைச் சதை தெரியும்வரை சீவினார்கள். பக்கத்து வீட்டு விறகடுப்புச் சாம்பலைக் கேட்டு வாங்கி வெட்டுவாயில் தடவினார்கள். உலர்ந்த வைக்கோலைக் குவித்து, அதன்மேல் உடைந்த மண்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவினார்கள்.

ஏப்ரல் போயிற்று. ஒன்றும் இல்லை. மே முழுவதும் இல்லை. நான் அந்த இடத்தில் ரோஜா வைக்கலாமா என்று எண்ணத் தொடங்கியிருந்தேன். ஜூன் இரண்டாம் வாரம் தொட்டியை நகர்த்தியபோது, பழைய அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டு குருத்துகள், ஈட்டி முனைபோல் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றன. குளிர்நாட்டு வாழைக்காரர்கள் எல்லாரும் சொல்வது இதுதான்: ஜூன் முடியும்வரை எந்த வாழையையும் இறந்ததாக எண்ணித் தோண்டி எறியாதே.

அந்த ஆண்டு முதல் நாங்கள் பின்பற்றும் முறையை எழுதுகிறேன். குளிர்நாடுகளில் உறவினர் உள்ள பெற்றோர்க்குப் பயன்படலாம். முதல் உறைபனி இலையைக் கறுக்கவைக்கும்வரை காத்திருக்க வேண்டும், அவசரப்படக் கூடாது. பிறகு இலைகளை மட்டும் காம்போடு வெட்டிவிட்டு, அடிமரத்தை நிற்கவிட வேண்டும். அதைச் சுற்றி ஒரு முழம் தள்ளி நான்கு குச்சிகளை நட்டு, கோழிவலையால் வட்டமாகக் கூண்டு கட்ட வேண்டும். கூண்டு நிறைய உலர்ந்த வைக்கோலைத் தளர்வாகத் திணிக்க வேண்டும். இறுக்கினால் காற்று நிற்காது. சூட்டைக் காப்பது வைக்கோலன்று, அதனிடையே தங்கும் காற்றே. பக்கங்களைத் திறந்தே விட்டு, தலைக்கு மட்டும் மழை இறங்காதபடி ஒரு தகரமோ ஓடோ வைக்க வேண்டும். அடியில் ஓரடி உயரத்துக்கு இலைச்சருகைக் குவிக்க வேண்டும். மொத்தத்தில் நம்மூர் வைக்கோல் போருக்குச் செய்வதுதான்: மேலே நனையக் கூடாது, பக்கத்தில் காற்றாட வேண்டும். இத்தனை தெரிந்த அம்மா முதல் ஆண்டு ஏன் பாலித்தீனுக்குச் சம்மதித்தார்கள் என்று பிறகு கேட்டேன். "உன் ஊரு, உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்கள்.

கூண்டு கட்ட இயலாதவர்கள் அடிமரத்தை முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டுக் கிழங்கின்மேல் சருகைக் குவித்தாலும் வாழை பிழைக்கும். ஆனால் அடுத்த ஆண்டு தரையிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். அடிமரம் தப்பினால் அந்த உயரத்திலிருந்தே இலை விரியும். ஒரே அடிமரம் இரண்டு மூன்று குளிர்காலம் தப்பினால்தான் பூவையும் காணலாம். எங்கள் மாவட்டமான சசெக்சில் கிரேட் டிக்ஸ்டர் என்ற பெயர்பெற்ற தோட்டம் ஒன்று உண்டு. அங்கே எழுத்தாளரும் தோட்டக்கலைஞருமான கிறிஸ்டோபர் லாய்ட் 1993 இல் பழைய ரோஜாத் தோட்டத்தையே எடுத்துவிட்டு, வாழை முதலிய வெப்பநாட்டுச் செடிகளை நட்டார். ரோஜாவை விட்டு வாழையா என்று பலர் முகம் சுளித்தார்கள். 2006 இல் அவர் மறைந்த பிறகும் அந்தத் தோட்டம் அப்படியே நடக்கிறது. அங்கே வைக்கோலுக்குப் பதில் உலர்ந்த பெரணித் தழைகளை வாழைக்குப் போர்த்துவார்கள்.

எங்கள் வாழைக்கு உண்மையான சோதனை 2022 இல் வந்தது. அவ்வாண்டு ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி வெப்பம். இந்நாட்டு வரலாற்றில் அதுவே உச்சம். மதுரைக் கோடைபோல் இருந்தது. வாழை மகிழ்ந்து கூத்தாடியது. அதே ஆண்டு டிசம்பர் நடுவில் ஒரு வாரத்துக்கும் மேலாக இரவுதோறும் கடும் உறைபனி. தெருவில் பல வீடுகளின் வெப்பநாட்டுச் செடிகள் கருகிப்போயின. ஏப்ரலில் நாங்கள் கூண்டைப் பிரித்தபோது அடிமரத்தின் வெளிமட்டைகள் இரண்டு மட்டும் காய்ந்திருந்தன. அழுத்தினால் உள்ளே கெட்டியாக இருந்தது. மே மாதம் உச்சியிலிருந்து குருத்து எட்டிப் பார்த்தது.

2023 ஆகஸ்டில் அது பூத்தது. மஞ்சள் கலந்த பழுப்பு மடல்கள். கீழே விரல் நீளத்தில் இரண்டு சீப்புக் காய்கள். அம்மா தினமும் அண்ணாந்து பார்த்தார்கள். அது தின்னும் வாழையன்று என்று நான் எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை. அக்டோபரில் ஒரு காயை அறுத்து நீளவாக்கில் பிளந்தார்கள். கறையைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை. "இதுக்கா இந்தப் பாடு!" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே நல்ல இலையாக இரண்டு பார்த்து அறுத்து, அனலில் வாட்டி, அன்று மதியம் அதில் சோறு பரிமாறினார்கள். மெல்லிய இலை, ரசம் ஊற்றும்போது கவனம் வேண்டும்.

பூத்த வாழை நம்மூரில் போலவே இங்கும் அத்துடன் முடிந்துவிடும். அதை வெட்டி எடுத்த இடத்தில் இப்போது ஐந்து கன்றுகள் நிற்கின்றன. ஆறாவதை அம்மா மண்வெட்டியால் வேரோடு பிரித்து, பக்கத்து வீட்டு முதியவருக்குக் கொடுத்தார்கள். பிரிக்க ஏற்ற காலம் மே கடைசி. கன்று இரண்டடியாவது வளர்ந்து, தனக்கென்று வேர் விட்டிருக்க வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் சில சொற்களே தெரியும்; அவருக்குத் தமிழ் தெரியாது. சென்ற நவம்பரில் இருவரும் வேலியின் இருபுறமும் நின்று, கோழிவலையையும் வைக்கோலையும் காட்டிக் காட்டி அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்ததைச் சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசியில் அவர் கொட்டகையிலிருந்து ஒரு பாலித்தீன் தாளை எடுத்து வந்தார். அம்மா இரண்டு கைகளையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று தமிழிலேயே சத்தமிட்டார்கள்.